உங்கள் ஆட்டத்துக்குப் பொருந்தும் டென்னிஸ் மட்டை: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டென்னிஸ் கற்கத் தொடங்கும் பலர், மட்டை வாங்கச் செல்லும்போது தமக்குப் பிடித்த வீரரின் கையில் இருப்பது எது என்று பார்த்து அதையே கேட்டு வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். என் முதல் நல்ல மட்டை நரம்பு பின்னிய நிலையில் 340 கிராமுக்கு மேல் கனத்தது. முதல் அரைமணி நேரம் அது எனக்குப் பெருமையைத் தந்தது. அடுத்த அரைமணி நேரத்தில் வந்த பந்துகள் அனைத்தையும் தாமதமாகவே சந்தித்தேன். மட்டையில் எந்தக் குறையும் இல்லை, அந்த எடையை உரிய நேரத்தில் பந்துக்குக் கொண்டுசேர்க்கும் வீச்சுதான் என்னிடம் இல்லை. ஆகவே இந்த வழிகாட்டி மட்டையிலிருந்து தொடங்காமல், அதைச் சுழற்றும் கையிலிருந்து தொடங்குகிறது. உங்கள் வீச்சில் எது குறைவோ அதை மட்டை ஈடுசெய்ய வேண்டும். எது ஏற்கெனவே தாராளமாக இருக்கிறதோ அதை மட்டையும் சேர்ந்து கூட்டக் கூடாது.

முதற்படி: உங்கள் வீச்சைக் கவனியுங்கள்

நீங்கள் ஆடுவதை நண்பர் ஒருவரைக் கொண்டு பக்கவாட்டிலிருந்து பத்து நிமிடம் கைப்பேசியில் படமெடுக்கச் சொல்லுங்கள். நாம் ஆடுவதாக நினைத்துக்கொண்டிருப்பதற்கும் உண்மையில் ஆடுவதற்கும் உள்ள தூரம் அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். படத்தில் முதலில் பார்க்க வேண்டியது வீச்சின் நீளம். மட்டையைத் தோளுக்குப் பின்னால் வரை கொண்டுசென்று, பந்தை அடித்த பிறகு மறுதோள் வரை முழுமையாகச் சுழற்றுகிறீர்களா, அல்லது இடுப்பளவில் குறுக்கித் தள்ளுகிறீர்களா என்று பாருங்கள். நீண்ட, வேகமான வீச்சு தனக்கு வேண்டிய ஆற்றலைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். குறுகிய வீச்சுக்கு மட்டையின் உதவி தேவை.

அடுத்து, உங்கள் தவறுகள் எங்கே விழுகின்றன என்று எண்ணுங்கள். பெரும்பாலான பந்துகள் எதிர்ப்பக்கத்தின் பேஸ்லைனை, அதாவது ஆடுகளத்தின் பின்கோட்டை, தாண்டிப் போகின்றன என்றால் உங்களுக்கு ஆற்றலைக் குறைத்துத் தரும் மட்டை நல்லது. பந்துகள் சர்வீஸ் கோட்டுக்குள்ளேயே குட்டையாக விழுந்து எதிராளிக்கு விருந்தாகின்றன என்றால் நிலைமை நேர்மாறானது. இத்துடன், பந்தைத் தட்டையாக அடிக்கிறீர்களா அல்லது கீழிருந்து மேலாகத் துலக்கி டாப்ஸ்பின், அதாவது முன்னோக்கிய சுழற்சி, கொடுக்கிறீர்களா, பேக்ஹேண்ட் ஒரு கையாலா இரு கைகளாலா, பேஸ்லைனில் நிற்கிறீர்களா வலைக்கு ஓடி வாலி ஆடுகிறீர்களா (பந்து தரையில் படுமுன்பே அடிப்பது), தனிநபர் ஆட்டமா இரட்டையரா என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தோள், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றில் பழைய வலி ஏதேனும் இருந்தால் அதை அந்தக் குறிப்பின் முதல் வரியாக எழுதுங்கள்.

இவற்றில் எதற்கும் தெளிவான விடை இல்லாத அளவுக்கு நீங்கள் புதியவர் என்றால் அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. உங்களுக்கு இன்னும் பாணி அமையவில்லை, அவ்வளவுதான். நரம்பு இல்லாத நிலையில் 270 முதல் 290 கிராம் எடையும், 100 முதல் 105 சதுர அங்குலத் தலைப்பரப்பும், 27 அங்குல நீளமும் கொண்ட ஒரு மட்டையை வாங்கி, ஓராண்டு ஆடிவிட்டு இந்தக் கேள்விகளுக்குத் திரும்பி வரலாம்.

எடையும் சமநிலையும்

விற்பனைக் குறிப்பில் காணும் எடை பெரும்பாலும் நரம்பு இல்லாத எடை. நரம்பு பின்னினால் ஏறத்தாழ 15 முதல் 18 கிராம் வரை கூடும். நரம்பில்லா நிலையில் 280 கிராமுக்குக் குறைந்தவற்றை இலகுவானவை என்றும், 300 கிராமை ஒட்டியவற்றை நடுத்தரம் என்றும், 315 கிராமுக்கு மேற்பட்டவற்றைக் கனமானவை என்றும் பொதுவாகக் கொள்ளலாம். கனமான மட்டை வேகமாக வரும் பந்தின் மோதலில் எளிதில் பின்வாங்காது. அதிர்ச்சியில் பெரும்பங்கை அதுவே தாங்கிக்கொள்வதால் கைக்குச் செல்வது குறைகிறது. இலகுவான மட்டையைச் சட்டென்று திருப்பலாம், ஆனால் வலுவான சர்வ் ஒன்றை எதிர்கொள்ளும்போது அது கையில் நடுங்கும். இலகுவான மட்டைதான் கைக்குப் பாதுகாப்பு என்ற பரவலான நம்பிக்கை பாதி உண்மையே. சோர்வு குறையும் என்பது சரி. ஆனால் ஒவ்வொரு பந்தின் அதிர்வும் முழங்கையை நோக்கி ஏறுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எடையைத் தனியாகப் பார்ப்பதில் பயன் குறைவு. அந்த எடை மட்டையின் எந்தப் பகுதியில் குவிந்திருக்கிறது என்பதே ஆட்டத்தில் உணரப்படுவது. இதை வீட்டிலேயே அளக்கலாம். ஒரு மர அளவுகோலை விளிம்பில் நிறுத்தி, அதன் மேல் மட்டையைக் கிடத்தி, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் புள்ளியைக் கண்டுபிடித்து, கைப்பிடியின் அடியிலிருந்து அந்தப் புள்ளி வரை உள்ள தூரத்தை அளக்க வேண்டும். 27 அங்குல மட்டையின் நடுப்புள்ளி ஏறத்தாழ 34.3 சென்டிமீட்டரில் இருக்கும். சமநிலைப் புள்ளி அதற்குக் கீழே அமைந்தால் கைப்பிடிப் பக்கம் கனம், அதாவது ஹெட் லைட். மேலே அமைந்தால் தலைப்பக்கம் கனம், அதாவது ஹெட் ஹெவி. விற்பனைக் குறிப்பில் உள்ள எண்ணோடு இதை ஒப்பிடும்போது, நரம்பு பின்னியதும் இந்தப் புள்ளி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தலையை நோக்கி நகரும் என்பதை நினைவில் வையுங்கள்.

கனமான மட்டைகளைப் பெரும்பாலும் ஹெட் லைட்டாகவும், மிக இலகுவானவற்றை ஹெட் ஹெவியாகவும் வடிவமைப்பதற்குக் காரணம் உண்டு. சுழலும் பொருளின் கனம் எடையை மட்டும் பொறுத்ததன்று. அச்சிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. பள்ளி இயற்பியலில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்ததையே டென்னிஸில் ஸ்விங்வெயிட் என்கிறார்கள். கைப்பிடியின் அடியிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளிய அச்சை வைத்து அதை அளக்கிறார்கள். தலையின் உச்சியில் 3 கிராம் ஈயப் பட்டை ஒட்டினால் ஸ்விங்வெயிட் ஏறத்தாழ 10 அலகுகள் உயரும். அதே 3 கிராமைக் கைப்பிடியில் உள்ளங்கை படும் இடத்தில் ஒட்டினால் அந்த எண் அசையவே அசையாது. அதனால் 36 சென்டிமீட்டரில் சமநிலை கொண்ட 260 கிராம் மட்டையும், 31 சென்டிமீட்டரில் சமநிலை கொண்ட 320 கிராம் மட்டையும் சுழற்றும்போது ஏறத்தாழ ஒரே கனமாகத் தோன்றக்கூடும். கடையில் மட்டையைக் கையில் தூக்கிப் பார்த்து “இலேசாக இருக்கிறது” என்று முடிவு செய்வது எவ்வளவு ஏமாற்றும் என்பது இதிலிருந்து விளங்கும்.

நரம்பு பின்னிய மட்டைகளின் ஸ்விங்வெயிட் பெரும்பாலும் 290க்கும் 335க்கும் இடையில் இருக்கும். வீச்சு குறுகியவர்களும் புதியவர்களும் 300ஐ ஒட்டித் தொடங்கலாம். நீண்ட வீச்சும் பலமான தோளும் உள்ளவர்கள் 320ஐத் தாண்டலாம். வலையருகே ஆட விரும்புகிறவர்கள் ஹெட் லைட் மட்டையைத் தேட வேண்டும், ஏனெனில் வாலிக்கு மட்டையை இடமிருந்து வலமாகக் கண நேரத்தில் திருப்ப வேண்டியிருக்கும். ஹெட் ஹெவி மட்டை, பேஸ்லைனில் நின்று சிறிய வீச்சால் பந்தை ஆழமாக அனுப்ப விரும்புகிறவர்களுக்கு உதவும்.

தலையின் பரப்பு

மர மட்டைகளின் காலத்தில் தலைப்பரப்பு 65 முதல் 70 சதுர அங்குலம் வரையே இருந்தது. ஹோவர்ட் ஹெட் வடிவமைத்து 1976இல் வெளிவந்த பிரின்ஸ் மட்டை அதை ஒரே தாவலில் 110 வரை கொண்டுசென்றது. முதலில் அதைக் கேலி செய்தவர்கள் பலர். 1978 அமெரிக்க ஓப்பன் இறுதிப் போட்டிக்குப் பதினாறு வயது பாம் ஷ்ரைவர் பெரிய தலை கொண்ட பிரின்ஸ் மட்டையோடு வந்து சேர்ந்தார். இன்று 95 முதல் 110 வரை கிடைக்கிறது, பெரும்பாலோர் கையில் 98இலிருந்து 100 வரை.

தலை அகன்றால், மையம் தவறிப் பட்ட பந்துக்கு மட்டை கையில் முறுக்கிக்கொள்வது குறைகிறது. நரம்புகள் நீளமாவதால் பந்து கூடுதலாகத் துள்ளியும் போகிறது. பந்தை எப்போதும் நடுவில் சந்திக்க முடியாத புதியவருக்கு இவை இரண்டும் வரம். முழு வீச்சில் அடிப்பவருக்கோ, இரண்டாவது குணமே சாபமாகிறது: பந்து எங்கே விழும் என்பது கைக்கட்டுப்பாட்டிலிருந்து நழுவுகிறது. இருந்தாலும் சிறிய தலைதான் திறமைக்கு அடையாளம் என்று எண்ண வேண்டியதில்லை. பல ஆண்டுகள் 90 சதுர அங்குல மட்டையால் வென்ற ரோஜர் ஃபெடரரே 2014இல் 97க்கு மாறினார். நடால் ஆடியது 100இல். எனக்குத் தெரிந்தவரை, தலை பெரிதாக இருப்பதால் ஆட்டம் கெட்டவர்களைவிடச் சிறிதாக இருப்பதால் மனம் வெறுத்தவர்களே அதிகம்.

சட்டத்தின் விறைப்பும் நரம்புப் பின்னலும்

மட்டையின் சட்டம் பக்கவாட்டில் எவ்வளவு தடிமன் என்பதை மில்லிமீட்டரில் குறிப்பார்கள். 20 முதல் 22 வரை மெலிந்தது, 24 முதல் 26 வரை தடித்தது. தடித்த சட்டம் பொதுவாக விறைப்பானது. பந்து நரம்பில் தங்குவது ஏறத்தாழ ஒரு நொடியின் இருநூறில் ஒரு பங்குதான். அந்த நேரத்தில் வளையும் சட்டம் ஆற்றலில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது, விறைப்பான சட்டம் அதைப் பந்துக்கே தருகிறது. அதோடு அதிர்ச்சியையும் கைக்குத் தருகிறது. இந்த விறைப்பைக் குறிக்கும் ஆர்.ஏ. என்ற எண் பெரும்பாலான மட்டைகளுக்கு 55க்கும் 72க்கும் இடையில் இருக்கும். முழங்கை வலி உள்ளவர்கள் 65க்குக் கீழேயே தேடுவது நல்லது. நரம்புகளுக்கிடையே செருகும் சிறிய ரப்பர் துண்டு, அதாவது டாம்ப்பனர், கையைக் காக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அது அடிக்கும் ஒலியை மாற்றுகிறது, அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

பின்னலில் 16x19 என்றால் நீளவாக்கில் 16 நரம்புகள், குறுக்கே 19. இடைவெளி கூடிய இந்தப் பின்னலில் நரம்புகள் நகர்ந்து திரும்பும்போது பந்துக்குச் சுழற்சி கூடுகிறது, நரம்பு விரைவில் தேய்ந்து அறுவதும் இதனால்தான். 18x20 நெருக்கமான பின்னல்; தட்டையாக, குறிபார்த்து அடிப்பவர்களுக்கு ஏற்றது. புதியவர்கள் 16x19 பின்னலையே எடுத்துக்கொள்ளலாம்.

நீளத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விதிகள் 29 அங்குலம் வரை அனுமதித்தாலும், பெரியவர்களுக்கான மட்டைகள் பெரும்பாலும் 27 அங்குலமே. கூடுதல் அரை அங்குலம் சர்வுக்கு உதவினாலும் ஸ்விங்வெயிட்டையும் உயர்த்திவிடும். சிறுவர்களுக்கு உயரத்துக்கேற்ப 19 முதல் 26 அங்குலம் வரை கிடைக்கிறது. வளர்ந்த பிறகும் பயன்படட்டும் என்று பெரிய மட்டையை வாங்கிக் கொடுப்பது, குழந்தையின் வீச்சையே கெடுத்துவிடும்.

கைப்பிடியின் சுற்றளவு

இதைப் பலர் கடைசியாகப் பார்க்கிறார்கள், சிலர் பார்ப்பதேயில்லை. கைப்பிடியின் அளவை 0 முதல் 5 வரையுள்ள எண்ணால் குறிப்பார்கள். 0 என்பது 4 அங்குலச் சுற்றளவு, ஒவ்வோர் எண்ணுக்கும் அங்குலத்தில் எட்டிலொரு பங்கு, அதாவது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கூடும். எனவே 2 என்பது 4¼ அங்குலம், 3 என்பது 4⅜ அங்குலம். அளப்பதற்கு, மட்டை பிடிக்கும் கையை விரல்கள் ஒட்டியபடி விரித்து, உள்ளங்கையின் குறுக்கே ஓடும் நடுரேகையிலிருந்து மோதிர விரலின் நுனி வரை அளவுகோலை வையுங்கள். அந்த நீளமே ஏறத்தாழ உங்களுக்கான சுற்றளவு. பிறகு மட்டையைக் கைகுலுக்குவது போலப் பிடித்து, விரல் நுனிகளுக்கும் உள்ளங்கையின் மேட்டுக்கும் இடையே மறுகையின் சுட்டுவிரலைச் செருகிப் பாருங்கள். விரல் இறுகாமலும் தளராமலும் நுழைந்தால் அளவு சரி.

இரண்டு அளவுகளுக்கிடையே குழப்பம் வந்தால் சிறியதை எடுங்கள். கைப்பிடியின் மேல் சுற்றும் மெல்லிய பட்டையான ஓவர்கிரிப் ஒன்றைச் சுற்றினால் ஏறத்தாழ அரை அளவு கூடும், ஆனால் பருத்த கைப்பிடியைச் சிறிதாக்குவது எளிதன்று. மிகச் சிறிய பிடி மட்டை சுழலாதிருக்க உங்களை இறுக்கிப் பிடிக்க வைத்து முன்கையைச் சோர்வடையச் செய்யும். மிகப் பெரிய பிடி மணிக்கட்டின் அசைவைத் தடுத்துச் சர்வையும் டாப்ஸ்பினையும் மந்தமாக்கும். இரு கைகளால் பேக்ஹேண்ட் ஆடுகிறவர்கள், மேல் கைக்கும் போதிய இடம் கைப்பிடியில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

நரம்பே பாதி மட்டை

பந்தைத் தொடுவது நரம்பு மட்டுமே. ஆயினும் மட்டையை வாரக்கணக்கில் ஆராய்ந்து தேர்ந்தெடுப்பவர்கள் நரம்பை ஒரு நொடியில் தீர்மானித்துவிடுகிறார்கள். மாட்டுக் குடலிலிருந்து செய்யப்படும் இயற்கை நரம்பு மிக மென்மையானது, விலையும் மிகுதி, ஈரம் பட்டால் கெட்டுவிடும். பல நுண்ணிழைகளை முறுக்கிச் செய்யும் மல்டிஃபிலமென்ட் அந்த மென்மைக்கு அருகில் வருவது. சிந்தெடிக் கட் எனப்படும் சாதாரண நைலான் நரம்பு எல்லாவற்றிலும் நடுத்தரம். 1997இல் குஸ்தாவோ குயெர்டன் பிரெஞ்சு ஓப்பனை வென்ற பிறகு பரவலான பாலியெஸ்டர், விறைப்பானது, சுழற்சிக்குப் பெயர் பெற்றது, எளிதில் அறாதது. ஆனால் அது தன் துடிப்பை விரைவில் இழக்கிறது. அறாமல் இருப்பதாலேயே செத்துப்போன நரம்போடு மாதக்கணக்கில் ஆடி முழங்கையைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. மற்ற நரம்புகளைச் சில வாரங்களிலேயே அறுக்கும் அளவுக்கு வேகமாக அடிக்காதவரை, பாலியெஸ்டர் உங்களுக்குத் தேவையில்லை.

இழுவிசையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு: இறுக்கமாகக் கட்டினால் பந்து வேகமாகப் போகும் என்பது. நடப்பது நேரெதிர். 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கடினமான தரையில் விழவிட்ட பந்து 135 முதல் 147 சென்டிமீட்டர் வரைதான் எழும்ப வேண்டும் என்பது விதி; அதாவது நசுங்கும் பந்து தன் ஆற்றலில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இழந்துவிடுகிறது. நரம்போ தான் வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். எனவே நரம்பு தளர்ந்திருந்தால், நசுங்குவதைப் பந்துக்கு விடாமல் தானே வளைந்து, ஆற்றலை வீணாக்காமல் தருகிறது. இறுக்கினால் பந்து கூடுதலாக நசுங்கி வேகம் குறையும், பந்து விழும் ஆழத்தைக் கணிப்பது எளிதாகும். உங்கள் பந்துகள் கோட்டைத் தாண்டுகின்றன என்றால் இரண்டு பவுண்டு கூட்டுங்கள், குட்டையாக விழுந்தால் இரண்டு பவுண்டு குறையுங்கள். ஏற்கத்தக்க எல்லை மட்டையின் சட்டத்திலேயே அச்சிட்டிருக்கும். அதன் நடு எண்ணிலிருந்து தொடங்கலாம். பாலியெஸ்டரானால் அதைவிடச் சில பவுண்டு குறைவாக.

பாணிக்கு ஏற்ற சேர்க்கை

பேஸ்லைனில் நின்று டாப்ஸ்பினோடு முழு வீச்சில் அடிப்பவருக்கு 98 முதல் 100 சதுர அங்குலம், நரம்பில்லாமல் 295 முதல் 310 கிராம், 16x19 பின்னல் ஆகியவை பொருந்தும். சர்வ் செய்துவிட்டு வலைக்கு ஓடுகிறவர் 305 கிராமை ஒட்டிய, தெளிவாக ஹெட் லைட்டான, 97 அல்லது 98 தலை கொண்ட மெலிந்த சட்டத்தைப் பார்க்கலாம். இரட்டையர் ஆட்டமே முதன்மை என்றால் 100க்கு மேற்பட்ட தலையோடு எளிதில் திரும்பும் மட்டை வாலிக்கும் சர்வைத் திருப்பி அடிப்பதற்கும் உதவும். வயதாலோ பழக்கத்தாலோ வீச்சு குறுகியவர்கள் 105 முதல் 110 வரை தலையுள்ள, 255 முதல் 275 கிராம் எடையுள்ள தடித்த சட்டத்தைத் தயங்காமல் எடுக்கலாம், அதில் மென்மையான மல்டிஃபிலமென்ட் நரம்பைக் கட்டினால் விறைப்பின் தீங்கு ஓரளவு தணியும். எதிராளி களைக்கும்வரை பந்தைத் திருப்பித் தந்துகொண்டே இருப்பவருக்கு, தூக்கிச் சுழற்ற முடிந்த அளவுக்குள் சற்றுக் கனமான மட்டையே துணை, ஏனெனில் பிறர் தரும் வேகத்தை நடுங்காமல் தாங்குவதுதான் அவர் ஆட்டத்தின் உயிர்.

வாங்குமுன் ஆடிப் பாருங்கள்

எண்களைக் கொண்டு மூன்று மட்டைகள் வரை சுருக்கிய பிறகு, அவற்றைச் சோதனைக்குத் தரும் கடையிலிருந்தோ நண்பர்களிடமிருந்தோ பெற்று ஒவ்வொன்றோடும் குறைந்தது இரண்டு நாள் ஆடுங்கள். பயிற்சிப் பந்துகளை மட்டும் அடித்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம். புள்ளிகளுக்காக ஆடும்போதுதான் உண்மை தெரியும். முதல் பத்து நிமிடம் எந்தப் புது மட்டையும் இனிக்கும். ஒரு மணி நேரத்துக்குப் பின், களைத்த தோளோடு இரண்டாவது சர்வ் போடும்போது மட்டைத் தலை பின்தங்குகிறதா, எட்டிப் பிடித்த வாலியில் மட்டை திரும்புகிறதா, மறுநாள் காலை முழங்கையில் வலி இருக்கிறதா என்று கவனித்து எழுதிவையுங்கள். சோதனை மட்டையில் கட்டியுள்ள நரம்பு எது, எத்தனை பவுண்டு, எவ்வளவு பழையது என்று கேட்காமல் இருக்காதீர்கள். பழைய பாலியெஸ்டர் கட்டிய நல்ல மட்டை, புதிய நரம்பு கட்டிய சுமாரான மட்டையிடம் தோற்றுப்போகும்.

பயன்படுத்திய மட்டையை வாங்குவதானால், தலையின் உச்சியிலும் கழுத்துப் பகுதியிலும் மயிரிழை வெடிப்பு உண்டா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நரம்பு நுழையும் துளைகளின் பிளாஸ்டிக் உறைகள் உடைந்திருந்தால் மாற்றிவிடலாம், சட்டத்தில் வெடிப்பு இருந்தால் அதை வாங்க வேண்டாம்.

வாங்கிய பிறகு, வாரத்துக்கு எத்தனை முறை ஆடுகிறீர்களோ ஆண்டுக்கு அத்தனை முறை நரம்பை மாற்றுவது நெடுங்கால வழக்கம். பாலியெஸ்டர் கட்டியிருந்தால் அதைவிட அடிக்கடி. நரம்பு கட்டிய நாளையும் இழுவிசையையும் ஒரு சிறு தாளில் எழுதி மட்டையின் கழுத்தின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை பந்து காரணமின்றிக் கோட்டைத் தாண்டத் தொடங்கும்போது, உங்கள் வீச்சைச் சந்தேகிக்கும் முன் அந்தத் தாளைப் பார்க்கலாம்.